லூர்தெஸுக்குப் போன திருநீறு

1

போன சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வெளியே ஒரு குடிநீர்க் குழாயைத் திறந்து வைத்தார்கள். மைக்செட் போட்டது நான்தான்.

எங்கள் ஊர் என்றால் இப்போதைய ஊர். கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் சின்ன ஊர். வந்து இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. இன்னும் 'எங்கள் ஊர்' என்று எழுதினால் எந்த ஊர் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் எண்பதுகளில் கடை வைத்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னை ஞாபகம் வரலாம். ரேடியோ ரிப்பேர், டேப்ரிக்கார்டர் ரிப்பேர், கல்யாணம் காதுகுத்துக்குச் சவுண்ட் சர்வீஸ். ஆடி மாதம் முழுக்கக் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு அக்கம்பக்கத்தார் தூக்கத்தைக் கெடுத்த அதே ஆள்.

குழாய் வந்திருப்பது, மெக்ஸிகோவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளிகளின் குடியிருப்புக்கு. அங்கே கிணற்றில் உரம் இறங்கி, கைக்குழந்தைக்குப் பால் கலக்கக்கூட லாயக்கில்லாத தண்ணீரைப் பல வருஷம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். நகரசபைக் குழாய் அவர்களுக்கு அரை மைல் முன்னாலேயே நின்றுவிட்டது. அந்த அரை மைலுக்காக ஒரு பெண்மணி தன் ஆயுசில் பாதியைக் கொடுத்தார். பெயர் லூர்தெஸ். ரேடியோ அறிவிப்பாளர், நகரசபை உறுப்பினர், தோற்றுப்போன மேயர் வேட்பாளர், கடைசியில் பதவி எதுவும் இல்லாமல் தொழிலாளிகளுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர். குழாய் வருவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் இறந்து சரியாக ஒரு வருஷம் என்பதால் அந்தத் தேதியிலேயே விழா.

அவர் உயிரோடு இருந்தபோது ஃபோனை எடுக்காதவர்கள் எல்லாரும் மேடையேறி, அவர் படத்தின் முன்னால் பூங்கொத்து வைத்தார்கள். எனக்கும் இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். ஸ்பானிஷில் எழுதி வைத்திருந்ததைப் படிக்க வாயெடுத்தேன், முதல் வரிக்கு மேல் போகவில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கி, ஒயரைச் சுருட்டப் போய்விட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அது உங்கள் ஊர்ச் சமாச்சாரமும்கூட.

2

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் வருகிறது, விழாவும் கூட்டமுமாக இருக்கும், சவுண்ட் சர்வீஸ்காரனுக்கு இனி யோகம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். யோகம் வந்த வருஷமே நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். என் மனைவி விஜயா நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு நானும், மூன்று வயது நித்யாவும் வந்து சேர்ந்தோம்.

முதல் வருஷங்களில் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. விஜயா ஷிப்டுக்குப் போவாள், நான் சமைத்து வைத்துவிட்டு ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பேன். அதில் ஒரு ஸ்பானிஷ் நிலையம் எப்போதும் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே பேசியது. எர்த் சரியில்லை என்று எனக்குக் கேட்ட உடனே தெரிந்துவிட்டது. மொழி புரியாவிட்டாலும் அந்த இரைச்சல் என் தாய்மொழி. பொறுக்க முடியாமல் ஒருநாள் தேடிக்கொண்டு போனேன். ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்தது நிலையம். ஸ்க்ரூடிரைவரைக் காட்டி, காதைக் காட்டி, தரையைக் காட்டினேன். கதவைத் திறந்த பெண்மணி ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே விட்டார். அவர்தான் லூர்தெஸ். சாயங்காலத்துக்குள் இரைச்சல் நின்றது. டிப்ளமோகூட முடிக்காத என்னை அன்றிலிருந்து 'இன்ஹெனியேரோ' என்றுதான் கூப்பிட்டார். இன்ஜினியராம். பிறகு அனுமதி வந்ததும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன்.

லூர்தெஸ் திராட்சை பறிக்கும் குடும்பத்தில் பிறந்தவர், தானும் பறித்தவர். அவருடைய காலை நிகழ்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வந்து, இன்ன ஆபீஸில் என் காகிதம் கிடப்பில் கிடக்கிறது என்பார்கள். லூர்தெஸ் உடனே அந்த ஆபீஸுக்கு ஃபோன் போடுவார், நேரடி ஒலிபரப்பிலேயே. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு குரல் சொல்லும். அப்புறம் காத்திருக்கச் சொல்லி ஒரு பியானோ வாசிப்பு. லூர்தெஸ் அதை வெட்ட மாட்டார். தோட்டத்தில் பறிக்கிறவர்கள், பேக்டரியில் பெட்டி கட்டுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பியானோவையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். நடுநடுவே அவர், "இன்னும் பியானோதான். நீங்க கையை நிறுத்தாதீங்க, நாங்களும் நிறுத்தல," என்பார். எதிர்முனையில் ஆள் வந்ததும் முதல் வேலையாக, நீங்கள் ரேடியோவில் இருக்கிறீர்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான், அந்தக் குரலில் சர்க்கரை கரைந்துவிடும்.

3

என் காகிதமும் ஒருநாள் கிடப்பில் விழுந்தது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்த நேரம். அனுமதித் தாள் கையில் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அக்கா மரகதத்தின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது அப்போதுதான். அக்கா புருஷனை இழந்தவள், அங்கன்வாடியில் வேலை பார்த்து ஒற்றையாளாய் அந்தப் பெண்ணை வளர்த்தவள்.

"இன்னாடா, வர்றியா இல்லியா? பத்திரிக்கை அடிச்சாச்சு. அப்பனும் இல்ல, தாய்மாமனும் இல்லன்னா யாருடா அவள மணைக்கு இட்டுக்கினு வர்றது? சம்மந்தி வூட்டுல இன்னா பேசுவாங்கன்னு தெரியுமா உனுக்கு?" என்று ஃபோனில் அழுதாள்.

தாள் வருகிறது, வருகிறது என்றார்கள். வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, முகம் சொல்லியிருக்கும் போல. லூர்தெஸ் என்னை ஒலி மிக்ஸர் மேஜையிலிருந்து எழுப்பி, மைக் முன்னால் உட்கார வைத்தார்.

"இன்னிக்கு நம்ம இன்ஹெனியேரோவோட கஷ்டம். இவங்க ஊர்ல மாமா இல்லாம கல்யாணம் கிடையாது. நம்ம ஊர்ல ஞானத்தகப்பன் இல்லாம ஞானஸ்நானம் நடக்குமா?"

ஃபோன் போட்டார். பியானோ ஆரம்பித்தது. முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் மைக் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். எனக்காக ஒரு பள்ளத்தாக்கே சேர்ந்து காத்திருந்தது. எனக்குத் தெரியாத மனிதர்கள், என் அக்கா பெண்ணின் கல்யாணத்துக்காகப் பியானோ கேட்டார்கள். விளம்பரங்களையெல்லாம் லூர்தெஸ் தள்ளிப்போட்டார். கடைசியில் ஒரு அம்மாள் எடுத்தார். அடுத்த வாரமே தாள் வந்துவிட்டது.

கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்து, பெண்ணை மணைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். எல்லாம் முடிந்து மண்டபத்தில் ஆள் குறைந்தபோது அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாருடா அந்தம்மா? பேரு இன்னா சொன்ன?"

"லூர்தெஸ்."

"லூர்துவா? நம்ம பக்கத்துப் பொண்ணாட்டம் கீது."

அன்று முதல் அக்காவுக்கு அவர் லூர்துதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெயருக்கும் ஒரு அர்ச்சனை. நட்சத்திரம் கேட்டு என்னை நச்சரித்தாள். நான் லூர்தெஸிடம் பிறந்த தேதியும் நேரமும் கேட்டு, பஞ்சாங்கம் பார்த்துச் சதயம் என்று சொன்னேன். கோத்திரத்துக்கு அய்யர், சிவகோத்திரம் என்று சொல்லிவிட்டாராம். அண்ணாமலையாருக்கு மெக்ஸிகோவும் ஒன்றுதான், கீழ்பென்னாத்தூரும் ஒன்றுதான் என்று லூர்தெஸிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்காக ஒருத்தங்க அங்க நிக்கிறாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

4

அடுத்த சில வருஷங்களில் லூர்தெஸ் நகரசபைக்கு நின்று ஜெயித்தார். மைக்கை விட்டுவிட்டு நாற்காலிக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்த பையன், அவர் வழக்கத்தை விடாமல் அவர் ஆபீஸுக்கே ஃபோன் போட்டான். ஒருநாள் லூர்தெஸ் ஆபீஸின் பியானோவும் ரேடியோவில் ஒலித்தது. கூட்டத்திலிருந்து எழுந்து மாடிப்படியில் ஓடிவந்து, மூச்சு வாங்க அவரே எடுத்துப் பேசினார். அதற்குப் பிறகு அவர் ஆபீஸில் பியானோ கிடையாது.

என் மகள் நித்யா அவரிடம்தான் ஒட்டிக்கொண்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நாங்கள் இரண்டு பேரும் அதை உரையாடல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஸ்பானிஷ் மட்டும் அவள் வாயில் வெல்லமாக வரும். அத்தையோடு ஃபோனில் நாலு வார்த்தை பேசு என்றால், சௌக்கியமா, சாப்ட்டீங்களா, இரண்டோடு நிறுத்திவிடுவாள். எனக்கு அது வலிக்கும். அதை அவளிடம் கோபமாகத்தான் சொல்லத் தெரிந்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் லூர்தெஸ் மேயருக்கு நின்றார். ஜெயித்தால் அந்த அரை மைல் குழாய் முதல் வேலை என்று சொல்லியிருந்தார். எதிராளி, குழாயே வேண்டாம் என்றவர். நித்யாவுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் தேர்தல் ஆபீஸுக்குப் போய்த் தபால் பிரிப்பாள், நோட்டீஸ் மடிப்பாள். செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதன் பின்னாலேயே, யாரோ விஷக்கிருமிப் பொடியைக் கவரில் போட்டு ஆபீஸ்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிலர் செத்தும் போனார்கள். தபாலைத் தொடவே நாடு முழுக்கப் பயந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா ஃபோனில் நித்யாவிடம் லூர்துவின் விலாசத்தைக் கேட்டிருக்கிறாள். இவளும் எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறாள். அத்தை வாழ்த்துக் கடிதம் எழுதப்போகிறாள் என்று நினைத்துவிட்டாள்.

புரட்டாசிப் பௌர்ணமிக்கு அர்ச்சனை செய்த திருநீற்றை, ஊரில் எல்லாரும் மடிக்கிற மாதிரி நியூஸ்பேப்பர் துண்டில் பொட்டலமாக மடித்து, அக்கா ஏர்மெயில் கவரில் போட்டு அனுப்பிவிட்டாள். அனுப்புநர் விலாசம் எழுதவில்லை. தபால் ஆபீஸ்காரர் கேட்டதற்கு, "சாமி குடுக்கிற பிரசாதத்துக்கு எம்பேரு எதுக்கு சார்?" என்றாளாம். நம் ஊரில் இதைவிட அடக்கமான செயல் கிடையாது. இங்கே அந்த மாதத்தில் இதைவிடப் பயங்கரமான கவரும் கிடையாது.

பிரித்தது நித்யாவோடு உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண். மேஜையெல்லாம் வெள்ளைப் பொடி. நித்யா பார்த்த மாத்திரத்தில் திருநீறு, திருநீறு என்று கத்தியிருக்கிறாள். யாருக்குப் புரியும்? கட்டிடத்தைக் காலி செய்தார்கள். முகமூடி போட்டவர்கள் வந்தார்கள். அவளை மற்றவர்களோடு சேர்த்துக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கூடாரத்துக்குள் விட்டு, உடுப்பைக் களையச் சொல்லி, குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினார்கள். காகித அங்கி ஒன்றைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தலை முழுக்க ஈரம். விஜயா துவட்டிவிடப் போனாள், தள்ளிவிட்டாள்.

"உங்க ஆளுங்க," என்றாள் என்னைப் பார்த்து, ஆங்கிலத்தில். அவ்வளவுதான் சொன்னாள்.

போலீசார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இது என்ன என்று கேட்டார்கள். சாம்பல் என்றேன். எதன் சாம்பல்? பசுஞ்சாணம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை என்ன செய்வீர்கள்? நெற்றியில் பூசுவோம், கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொள்வோம். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார். சாமி அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துவந்து, பூசிக்காட்டி, ஒரு சிட்டிகை வாயில் போட்டேன். அந்த ஆள் ஒரு அடி பின்னால் போனார். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

5

பரிசோதனையில் வெறும் சாம்பல் என்று வந்துவிட்டது. ஆனால் பேச்சு அடங்கவில்லை. லூர்தெஸைச் சுற்றியிருந்தவர்கள், யார் அனுப்பியது என்றே தெரியாது என்று சொல்லிவிடுங்கள், இரண்டு நாளில் மறந்துவிடும் என்றார்கள். அவர் கேட்கவில்லை. பழைய நிலையத்துக்கு வந்தார். டிவிக்காரர்களும் வந்திருந்தார்கள். என்னைத் திருநீற்று டப்பாவோடு வரச் சொல்லியிருந்தார்.

"நாங்க சாம்பல் புதன் அன்னிக்கு ஒரு நாள் நெத்தியில சாம்பல் வெச்சுக்கிறோம். இவங்க தினமும் வெச்சுக்கிறாங்க. இது எனக்காக ஒரு அம்மா கோயில்ல நின்னு வாங்கி அனுப்பினது. யாருன்னு தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அவங்களைத் தெரியும்."

என் பக்கம் திரும்பி நெற்றியைக் காட்டினார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் நகரவில்லை. மூன்று விரலால் பட்டையாக இட்டுவிட்டேன்.

அந்தப் படம் மறுநாள் பேப்பரில் வந்தது. அதற்கு மறுநாள் எதிராளியின் நோட்டீஸில், 'இவரா நம் மேயர்?' என்ற கேள்வியோடு வந்தது. லூர்தெஸ் தோற்றார். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில்தான். அந்தப் படம்தான் தோற்கடித்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் வேறொரு காரணத்தையும் என் மனது ஒப்புக்கொண்டதில்லை.

முடிவு வந்த மறுநாள் சாயங்காலம் எங்களைத் தேற்ற அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தோற்றவர் வந்து தேற்றுகிறார், நாங்கள் உட்கார்ந்து தேறுகிறோம். விஜயா தோசை வார்த்தாள். அந்த நேரம் அக்காவின் ஃபோன் வந்தது.

"திருநீறு வந்துச்சாடா? இட்டுக்கினாளா?"

"இட்டுக்கிட்டாங்கக்கா."

"ஜெயிச்சாளா?"

ரிசீவரைப் பொத்திக்கொண்டேன். யார், என்ன என்று லூர்தெஸ் கேட்டார். சொன்னேன். பிட்டெடுத்த தோசைத் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"ஜெயிச்சுட்டேன்னு சொல்லுங்க."

"எப்படிங்க?"

"தோத்துட்டேன்னு சொன்னா சாமி மேல கோவப்படுவாங்க. என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா தன் மேலயே கோவப்படுவாங்க. ரெண்டும் வேணாம், இன்ஹெனியேரோ. சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நித்யா குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். அந்தப் பக்கம் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது. லூர்து ஜெயித்தால் கார்த்திகைப் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டாளாம். மலை சுற்றுகிற பாதை பதினாலு கிலோமீட்டர். அக்காவின் முட்டி இரண்டும் தேய்ந்து, டாக்டர் மாடிப்படியே ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

"நடக்க வேண்டாங்க்கா, உண்டியல்ல ஏதாச்சும் போட்டுடு."

"சாமிகிட்ட சொன்னத மாத்தலாமாடா?"

நடந்தாள். தீபக் கூட்டத்தில், வெறுங்காலோடு. கூடப்போன அவள் பெண் பிறகு சொன்னாள். பாதி வழி தாண்டி அடி அண்ணாமலை வரும்போது கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு டீக்கடை பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். ஆட்டோ பிடிக்கிறேன் என்றதற்கு, பிடித்தால் ஏறமாட்டேன் என்றாளாம். விடிகிற நேரத்துக்குத்தான் ராஜகோபுரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். முட்டியில் நீர் கோர்த்து ஒரு மாதம் படுக்கை. அதிலிருந்து இன்றுவரை தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். பஸ் படியில் யாராவது கை கொடுத்தால்தான் ஏறுவாள். நடக்காத வெற்றிக்காக அவள் கால் போனது என்று நான் அழுதேன். லூர்தெஸிடம் இதைச் சொல்லவே இல்லை.

6

பிறகு லூர்தெஸுக்கு ரேடியோவும் இல்லாமல் போனது. நிலையத்தை ஒரு பெரிய கம்பெனி வாங்கி, எங்கேயோ தூரத்து ஊரிலிருந்து பாட்டு மட்டும் போட ஆரம்பித்தது. எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. அவர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மேஜை போட்டு, தொழிலாளிகளின் மனுக்களை எழுதிக் கொடுத்து, குழாய்க்காக ஒவ்வொரு ஆபீஸாக ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் பியானோ ஓடிக்கொண்டிருக்கும். முன்பு அவரோடு ஒரு பள்ளத்தாக்கே சேர்ந்து கேட்டது. இப்போது அவர் மட்டும் கேட்டார். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். நானாவது கேட்கட்டுமே என்றுதான். குழாய்க்கு அனுமதி வந்தது, பள்ளம் தோண்டுவதற்குள் அவர் இதயம் நின்றுவிட்டது.

நித்யா சட்டம் படித்துவிட்டு வேறு ஊரில், தொழிலாளிகளின் வழக்குகளைத்தான் பார்க்கிறாள். அந்தக் கூடாரத்துக்குப் பிறகு அவள் நெற்றியில் நான் திருநீறு பார்த்ததில்லை. விழாவுக்குக் கூப்பிட்டேன். கோர்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை ஒயரையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"கொழாய்ல தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"குடிச்சியா?"

"இல்ல. மைக் வேலையில இருந்துட்டேன்."

"அவ பேரைச் சொல்லி ஒரு வாய் குடிக்கக் கூடாதாடா? இன்னா ஆளு நீ."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, லூர்தெஸ் அந்தத் தேர்தல்ல ஜெயிக்கல. தோத்துட்டாங்க. அவங்கதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாங்க," என்றேன்.

"தெரியும்."

திறந்த வண்டிக் கதவைத் திரும்பச் சாத்தினேன்.

"அன்னிக்கு நீ ஃபோன வெச்ச மறுநாளே உம் பொண்ணு போட்டா. 'அத்தே, லூர்தெஸ் தோத்துட்டாங்க, நீ நடக்காத, நீ நடக்காத'ன்னு ஒரே அழுகை. அவ பேசற தமிழு பாதி எனுக்குப் புரியல. அழுவுறது புரிஞ்சிச்சு. இப்பவும் மாசத்துக்கு ஒரு தபா போடறாளே, உனுக்குச் சொல்லலியா?"

"இல்லக்கா." "தெரிஞ்சும் எதுக்குக்கா நடந்த? முட்டியே போச்சே."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. மெள்ள இடம் மாறி உட்கார்ந்திருப்பாள்.

"ஜெயிச்சிருந்தா அவ கூட ஊரே நடக்கும். தோத்தவளுக்கு யாருடா நடப்பாங்க?"